ஷட்டருக்குப் பூசிய சந்தனம்

செப்டம்பர் 3, புதன்

தக்காளி நாற்பது தட்டு விதைத்தாயிற்று. கத்தரி முளை விட்டிருக்கிறது.

இந்த டைரி விதைக் கம்பெனிக்காரர் கொடுத்தது. எங்கள் நாற்றுப் பண்ணையில் விதைத்த தேதியும் நாற்று எடுத்த தேதியும் எழுதுவதற்காக. அதற்கு இரண்டு வரி போதும். மீதிப் பக்கம் வெறுமையாகக் கிடந்தால் எனக்குப் பொறுக்காது.

ஓசூரில் வேலை பார்க்கும் மகன் நவநீதன் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறான். ஆள் படுக்கிற நீளம். பார்சல்காரர் "உள்ளார என்னங்கம்மா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் வண்டியை எடுத்துவிட்டார். பிரித்தால் உள்ளே ஷட்டர். கடை ஷட்டரைப் படுக்கப் போட்ட மாதிரி, எங்கள் பிக்கப்பின் பின்தொட்டிக்கு மேலே இழுத்து மூடுவது. வேண்டாதபோது கேபினுக்குப் பின்னால் இருக்கும் நீளப் பெட்டிக்குள் சுருண்டுகொள்ளும். நாற்றுத் தட்டு கொண்டுபோகும்போது காற்றில் இலை வதங்கிவிடுகிறது என்று இவர் போனில் புலம்பியதற்கு மகன் கண்ட வைத்தியம்.

"நானே மாட்டிருவன்" என்றார் என் வீட்டுக்காரர் தெய்வசிகாமணி. இந்த வீட்டில் குழாய் ஒழுகினால்கூட அதைச் சரிசெய்து, பிறகு சரிசெய்ததைச் சரிசெய்ய ஆள் கூப்பிடுவது வழக்கம்.

இதைப் பத்து நிமிடத்தில் மாட்டக்கூடிய ஆள் ஒருவர் இருக்கிறார். இவருடைய சொந்தத் தம்பி ஈஸ்வரமூர்த்தி. கள்ளிமந்தயத்தில் லேத்தும் வெல்டிங்கும் உள்ள பட்டறை வைத்திருக்கிறார். அண்ணனும் தம்பியும் பேசி மூன்று வருடம் ஆகிறது. போர்க் கிணற்றின் மோட்டார் எரிந்த சமயத்தில் வந்த மனத்தாங்கல். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

செப்டம்பர் 4, வியாழன்

மாட்டவில்லை. பெட்டியைச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறார்.

செப்டம்பர் 6, சனி

இன்று மாட்டினார். கூட வந்த புத்தகத்தில் ஒரே படங்கள். ஒரு மொட்டைத் தலைக்காரர் சிரித்துக்கொண்டே ஷட்டர் மாட்டுகிறார். எட்டாவது படத்திலும் அவருக்கு ஒரு சொட்டு வியர்வை இல்லை. இவருக்கு முதல் படத்திலேயே சட்டை நனைந்துவிட்டது.

தொட்டியின் இரண்டு பக்கமும் அலுமினியச் சட்டம் ஓட வேண்டும். ஷட்டரின் ஓரம் அந்தச் சட்டத்தின் பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு வரும். இவர் இடப்பக்கச் சட்டத்தை வலப்பக்கம் மாட்டினார். பிறகு மாற்றினார். ஷட்டர் ஒரு முழம் வந்து நின்றது. சட்டத்தைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பை இறுக்கினார், அரை முழம்தான் வந்தது. தளர்த்தினார், சட்டமே கையோடு வந்தது.

"ஏனுங்க, தம்பிகிட்ட ஒருக்கா காட்டுனா என்னங்க?" என்றேன்.

"எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இருக்கானா?" என்றார். கையில் இருந்த ஸ்பேனர் அந்தத் தம்பி வாங்கிக் கொடுத்தது. நான் சொல்லவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஷட்டர் முழுசாக மூடியது. இவர் முகத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. காப்பியில் சர்க்கரை கூடப் போட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

இவர் சொட்டுநீர்க் குழாய் பார்க்கப் போன நேரத்தில் பூங்கொடி போன் செய்தாள். பூங்கொடி என் ஓரகத்தி, ஈஸ்வரமூர்த்தியின் பெண்டாட்டி. ஆண்கள் பேசாவிட்டால் நாங்களும் பேசக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. வாரம் இரண்டு தரம் பேசுகிறோம்.

அவள் மகள் மதுமிதாவுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. ஐப்பசி பதிமூன்று. விஜயதசமி அன்று பத்திரிகை அச்சுக்குக் கொடுக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் பத்திரிகையில் முதல் பேர் மூத்தவருடையது. கல்யாணத்துக்கு அழைப்பதே அவர்தான், பெற்றவர் பேர் அதற்குக் கீழேதான் வரும்.

"மேல ஒரு வரிய வெறுமனே உட்டு எழுதி வெச்சிருக்கறாருக்கா" என்றாள் பூங்கொடி. "'அண்ணன் எம்பட்டறைல காலெடுத்து வெச்சா அந்த எடம் அவருது. இல்லீன்னா எம்பேரு. என்னையத் திருடன்னு சொன்ன ஊட்டுக்கு நானாப் போவ மாட்டன்'ங்கறாரு. மது அழுவுறா. பெரியப்பா வராம மணவறை ஏற மாட்டாளாம்."

இவரோ, "அவன் வந்து தப்ப ஒத்துக்கட்டும்" என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. ஷட்டர் கெட்டுப்போக வேண்டும். இவரால் சரிசெய்ய முடியாத அளவுக்குக் கெட வேண்டும். சுற்றுவட்டாரத்தில் இந்த வேலைக்குக் கைதேர்ந்த வேறு ஆள் கிடையாது, பட்டறைக்குப் போய்த்தானே ஆக வேண்டும்?

செப்டம்பர் 10, புதன்

இடப்பக்கம் மூன்றாவது கிளாம்ப் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தேன். கொஞ்சம்தான்.

செப்டம்பர் 11, வியாழன்

கண்டுபிடித்துவிட்டார். ஷட்டர் கோணலாக வந்ததும் என் தையல் டேப்பை வாங்கி, முன்னால் எவ்வளவு அகலம், பின்னால் எவ்வளவு அகலம் என்று அளந்தார். மூலைக்கு மூலையும் அளந்தார். அரை விரல் வித்தியாசம். மொட்டைத் தலைக்காரரைக்கூடப் பார்க்கவில்லை. "வசந்தா, ரண்டு பக்கமும் மாத்தி மாத்தி இறுக்கோணும். ஒரே பக்கமா இறுக்கினா மறுபக்கம் கோவிச்சுக்கும்" என்று எனக்குப் பாடம் வேறு.

செப்டம்பர் 14, ஞாயிறு

பெட்டிக்கு உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. அதன் திருகை இரண்டு சுற்று கூட இறுக்கிவிட்டேன். இவர் காலையில் பூட்டைத் திறந்து கையை எடுத்ததும் ஷட்டர் பாய்ந்து உள்ளே போயிற்று. தோளில் கிடந்த துண்டையும் இழுத்துக்கொண்டு போயிற்று. இவர் வெறுந்தோளோடு அங்கேயே நின்றார். நான் நிழல்வலைக் குடிலுக்குள் போய் மிளகாய்த் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து சிரித்து முடித்துவிட்டு வந்தேன்.

மதியம் பூங்கொடியிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள். பிறகு, "எல்லாம் அந்த மோட்டாரால வந்ததுக்கா" என்றாள்.

மோட்டார் எரிவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். வோல்டேஜ் இருக்கிறது. அந்த வருடத்து வெயில் இருக்கிறது. எரிவதற்கு ஒரு வாரம் முன்பு ஈஸ்வரமூர்த்தி அதைக் கழற்றிப் பழுது பார்த்திருந்தார், அவ்வளவுதான். உள்ளே இருந்த நல்ல செம்புக் கம்பிக் காயிலை எடுத்துக்கொண்டு பழையதைச் சுற்றிவிட்டார் என்று யாரோ சொன்னதை இவர் நம்பி, நாலு பேர் முன்னால் கேட்டும்விட்டார். யாரோ சொன்னதை எல்லாம் நம்பக் கூடாது.

செப்டம்பர் 16, செவ்வாய்

துண்டை எடுப்பதற்காகப் பெட்டி முழுவதையும் பிரித்துப் போட்டார். துண்டு நாலு துண்டாக வந்தது. ஆனால் பெட்டிக்குள் எது எங்கே இருக்கிறது என்று இவருக்கு இப்போது மனப்பாடம். மழைத் தண்ணீர் வெளியே போகும் இரண்டு குழாய்களை மாட்டாமல் விட்டிருந்தாராம். அதையும் மாட்டிவிட்டார்.

நான் கெடுக்கக் கெடுக்க இவர் தேறிக்கொண்டே போகிறார்.

செப்டம்பர் 19, வெள்ளி

ஷட்டர் திருகைத் திருப்பும் எல்-கீயை அரிசி டிரம்மில் போட்டேன்.

செப்டம்பர் 20, சனி

ஒட்டன்சத்திரம் போய் ஒன்பது கீ உள்ள செட் வாங்கி வந்துவிட்டார். அரிசி டிரம்மில் போட்டது, நேற்று ராத்திரி அரிசி அளந்த முதல் படியிலேயே என் கைக்குத் திரும்பி வந்துவிட்டது.

செப்டம்பர் 24, புதன்

பக்கத்துத் தோட்டத்து ராமலிங்கம் தன் வண்டிக்கும் இப்படி ஒன்று வாங்கலாமா என்று கேட்க வந்தார். இவர் ஒற்றை விரலால் ஷட்டரை இழுத்துக் காட்டினார். வேண்டிய இடத்தில் நிறுத்தினார். "நாத்து ஏத்துனா ஒரு சாண் தெறந்து உடோணும். இல்லீன்னா அலுமினியத்துச் சூட்டுல உள்ளார அவிஞ்சுரும்" என்று விளக்கம். ராமலிங்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"உங்க தம்பிக்கிட்டக் கத்துக்கிட்டீங்களா?" என்று அவர் கேட்டதும் இவர் முகம் சுண்டிவிட்டது. ராத்திரி சாப்பாட்டில் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அவன் கைதான் கை" என்றார். யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. என் தட்டைப் பாதியில் எடுத்துக் கழுவினேன்.

தண்ணீர் வராத போரில் இரண்டு மணி நேரம் வெறுமனே ஓடினால் எந்த மோட்டாரும் எரியத்தான் செய்யும். அதற்குக் காயில் என்ன பண்ணும்?

செப்டம்பர் 27, சனி

பூங்கொடி இன்று சிரிக்கவில்லை. "இன்னும் அஞ்சே நாளுக்கா. விஜயதசமி அன்னிக்கு இவரு தம்பேரப் போட்டுக் குடுத்துட்டாருன்னா அவ்வளவுதான். அச்சடிச்சு ஊருக்கெல்லாம் போனதுக்கப்புறம் எந்த மொகத்த வெச்சுட்டு மாமா வருவாரு?" என்றாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. வண்டி, விசைத்தெளிப்பான், மண்வெட்டி எல்லாம் கழுவினோம். பொட்டு வைக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சாமி காரியத்தில் குறை வைக்கக் கூடாது. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, ஷட்டர் சட்டத்தின் பள்ளத்துக்குள் ஒரு கொட்டாங்குச்சி நிறைய உள்ளே தள்ளித் தள்ளிப் பூசினேன். மேலே குங்குமம். நாளைக்கு வேலை எதுவும் இல்லை. காய்ந்து இறுகட்டும். நாளை மறுநாள் காலையில் இழுத்தால் ஷட்டர் வராது. தொட்டி காலிதானே, யாருக்கும் நஷ்டமில்லை.

அக்டோபர் 1, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். எழுத்துக் கோணலாக வந்தால் வரட்டும்.

காலை ஆறு மணிக்குப் பூஜை முடித்தோம். இவருடைய ஸ்பேனர், கீ செட் எல்லாவற்றையும் சாமி முன்னால் வைத்துப் பூப் போட்டாயிற்று. ஆயுத பூஜை அன்று வைத்ததை மறுநாள் விஜயதசமிப் பூஜை முடிந்துதான் எடுக்க வேண்டும்.

ஒன்பதரைக்கு தாராபுரம் பக்கத்துத் தோட்டக்காரரிடமிருந்து போன். நாளைக்கு நல்ல நாள், மிளகாய் நட வேண்டும், இன்றே கொண்டுவந்தால்தான் ஆயிற்று என்றார். இவர் சரி என்றுவிட்டார். முப்பது தட்டு, ஏறக்குறைய மூவாயிரம் நாற்று. முப்பத்தைந்து நாள் நான் தண்ணீர் தெளித்து வளர்த்தது.

ஷட்டர் இழுக்க வரவில்லை. ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்தத்தான் பார்த்தார். அது நறநறவென்று பாதியில் நின்றது. முழு பலத்தோடு ஒரு தள்ளுத் தள்ளினார். கடைசிவரை ஓடிப் படக்கென்று பூட்டிக்கொண்டது. "போற வழில தெறந்துக்கலாம்" என்றார். அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கள்ளிமந்தயம் வழியில்தானே இருக்கிறது, பட்டறை முன்னால் நின்றால் என் எண்ணம் பலிக்குமே என்று சும்மா ஏறி உட்கார்ந்துகொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கள்ளிமந்தயத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திப் பார்த்தார். ஷட்டர் அசையவில்லை. அதன் நுனிக் கொக்கி விலகாமல் பின்கதவும் திறக்காது. அலுமினியத்தில் கையை வைத்துச் சட்டென்று எடுத்தார். மணி பதினொன்று. அப்படி ஒரு வெயில்.

ரோட்டோரத்தில் இரண்டு ஒர்க்‌ஷாப். இரண்டிலும் வாழை கட்டி, பொரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "ஆயுதம் சாமிகிட்ட இருக்குதுங்க. நாளைக்கு வாங்க" என்றார் ஒருவர். மற்றவர் எங்களுக்கும் பொரி கொடுத்தார்.

"மூவாயிரம் உசுருங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

இவர் வண்டியை எடுத்தார். நேராகத் தம்பி பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தி இறங்கினார். மூன்று வருடமாக நான் கேட்டது, வேண்டியது, இப்படியா நடக்க வேண்டும்?

ஈஸ்வரமூர்த்தி வெளியே வந்தார். பூங்கொடி அவர் பின்னால் நின்றாள். நான் எல்லாம் திட்டப்படி நடத்துகிறேன் என்று நினைத்து ரகசியமாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"உள்ளார என்ன?" என்று வண்டியைப் பார்த்துக் கேட்டார் ஈஸ்வரமூர்த்தி.

"மொளகா நாத்து" என்று இவரும் வண்டியைப் பார்த்தே சொன்னார்.

தம்பி உள்ளே போனார். சாமி முன்னால் எரிந்த விளக்கைத் தள்ளி வைத்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டு, பூவோடு இருந்த ஸ்பேனரைக் கையில் எடுத்தார். பட்டறையில் நின்ற இரண்டு பேர் "அண்ணே, பூஜை..." என்றார்கள். அவர் காதில் வாங்கவில்லை. வண்டிக்கு அருகில் வந்து சட்டத்தைப் பார்த்தார். விரலால் சுரண்டினார். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது.

நிமிர்ந்தார். "கழட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிப்போடறன். நாளைக்கு நட்டக் காணோம், போல்ட்டக் காணோம்னு இந்தப் பட்டறைக்கு யாரும் வரக் கூடாது. எனக்குத் திருட்டுப் பட்டம் ஒண்ணு போதும்."

இவர் காது சிவந்தது. வண்டிக் கதவின் கைப்பிடியில் கை போயிற்று. ஏறிப் போய்விடுவார். நாற்றும் போகும், பத்திரிகையில் அந்த வரியும் போகும், பட்டறைப் படியை இனி ஒரு காலும் மிதிக்க மாட்டார்.

"சந்தனத்த உள்ளார அப்புனது நானுங்க" என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆரம்பித்துவிட்டேன், பிறகு நிறுத்த முடியவில்லை.

"மோட்டார எரிச்சதும் நாந்தானுங்க. போர்ல தண்ணி நின்னது தெரியாமப் படுத்துத் தூங்கிட்டன். ரண்டு மணி நேரம் வெறும் மோட்டாரு ஓடிருச்சு. உங்க அண்ணன் வந்து கேட்டப்ப பயந்துட்டன். போன வாரம் தம்பிதான கழட்டுனாரு, காயில மாத்திப்போட்டாரோ என்னமோன்னு வாய் கூசாமச் சொல்லிப்போட்டன். தம்பி திருடல. எதையுமே எடுக்கல."

பூங்கொடியின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. இவர் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவும் இல்லை, கதவைத் திறக்கவும் இல்லை.

ஈஸ்வரமூர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து முதல் நட்டில் ஸ்பேனரை வைத்தார்.

"மொதல்ல நாத்த எறக்கலாங்ணா" என்றார்.

அண்ணா என்று அவர் வாயில் வந்து மூன்று வருடம்.

இவர் அந்தப் பக்கம் போனார். ஒருவர் தளர்த்த ஒருவர் பிடிக்க, சட்டத்தோடு ஷட்டரைத் தூக்கி வைத்தார்கள். சூடு முகத்தில் அடித்தது. மேலடுக்கு நாற்றெல்லாம் தலை தொங்கிக் கிடந்தது. தட்டுகளை நிழலில் பரப்பினோம். பூங்கொடி குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தாள். என் கைக்கு ஒரு குடம்கூடத் தரவில்லை. தெளித்து முடித்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒன்று சேர்ந்து என்னைத் திட்டினார்கள். அண்ணன் மூச்சு வாங்க நிறுத்தினால் தம்பி தொடர்ந்தார். அவ்வளவு ஒற்றுமையை அவர்களிடம் நான் பார்த்ததே இல்லை. தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலத்துக்குள் இருபத்தாறு தட்டு தலை நிமிர்ந்தது. நாலு தட்டு போயிற்று.

அக்டோபர் 2, வியாழன்

பத்திரிகை அச்சுக்குப் போயிற்று. முதல் வரியில் இவர் பேர். ஈஸ்வரமூர்த்தி போனில் படித்துக் காட்டினார்.

இவர் என்னிடம் பேசவில்லை.

அக்டோபர் 4, சனி

குண்டு மிளகாய் இருபது தட்டு விதைத்தோம். தட்டில் தென்னைநார்க் கழிவு நிரப்பிக்கொண்டே இவர் வாயைத் திறந்தார்.

"ஒரு மோட்டாருக்குப் போயி எனக்குப் பயந்தியா? முப்பது வருசம் ஒண்ணாப் பொழச்சும் நான் அப்படிப்பட்ட ஆளாத்தான் தெரிஞ்சனா உனக்கு?"

அன்று பட்டறையில் திட்டியதெல்லாம் ஒன்றுமே இல்லை. இது ஒன்றுதான் வலித்தது. அழுதேன். இவர் நிரப்பிய தட்டை என் பக்கம் தள்ளி வைத்தார். விதை போட்டேன்.

அக்டோபர் 8, புதன்

பூங்கொடிக்கு நாலு தரம் போன் செய்தேன். எடுக்கவில்லை.

அக்டோபர் 11, சனி

ஈஸ்வரமூர்த்தி வந்து ஷட்டரை மறுபடி மாட்டினார். கூடவே இவரும். மொட்டைத் தலைக்காரர் செய்தது எப்படித் தப்பு என்று இரண்டு பேரும் அரை நாள் பேசினார்கள். தம்பி என் கையால் சாப்பிட்டார். பூங்கொடி வரவில்லை. அவள் வீட்டு முறுக்கு மட்டும் வந்தது, இவர் பேர் சொல்லி.

அக்டோபர் 14, செவ்வாய்

பூங்கொடி போன் செய்தாள். நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் அவளே பேசினாள்.

"மூணு வருசங்க்கா. ராத்திரி ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்குவாரு. 'நான் என்னத்தடி திருடுனன்'னு எங்கிட்டக் கேப்பாரு. அன்னிக்கெல்லாம் மறுநா மத்தியானம் உங்களுக்குத்தான் போனப் போட்டு அழுதிருக்கறன். நீங்களும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"கண்ணாலத்துக்கு மூணு நாள் முன்னாடியே வந்துருங்க. வேல தலைக்கு மேல கெடக்குது. ஆனா எங்கிட்ட நீங்க பேச வேண்டாம். எனக்கு இன்னும் ஆறல. நானாப் பேசற வரைக்கும் வாயத் தெறக்காம வேலையப் பாருங்க."

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் சொன்னது ஞாபகம் வந்து, வெறும் ம் கொட்டினேன்.

மத்தியானம் பழகிப் பார்த்தேன். இவரிடம்கூட ஒரு வார்த்தை பேசாமல் சமையலை முடிக்க முயன்றேன். பதினோரு நிமிடம் தாக்குப் பிடித்தேன். கல்யாணத்துக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது.